கோட்டயம் டாக்டர் இனி போனிலேயே பேசலாம் என்கிறார், அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. என்ன செய்யலாம்?

பெரியாறு_மகள்:

வணக்கம். நான் கம்பத்தில் இருக்கிறேன். அம்மா கேரளாவில் வண்டிப்பெரியாறு பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறார். வயது 63. முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர், ஓய்வு வாங்கியும் வீட்டில் உட்காராமல் பக்கத்து ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறார். சுகர் வந்து பதினோரு வருடம் ஆகிறது, பிரஷர் அப்புறம் சேர்ந்துகொண்டது. சுகருக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, பிரஷருக்கு ஒன்று, ராத்திரி கால் எரிச்சலுக்கு ஒன்று என்று நாலு மாத்திரை.

கோட்டயத்தில் ஒரு டாக்டரிடம்தான் தொடர்ந்து காட்டுகிறோம், நல்ல மனிதர். லயத்திலிருந்து அங்கே போக கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர், குட்டிக்கானம் இறக்கத்தில் அம்மாவுக்கு ஒவ்வொரு தடவையும் வாந்தி வரும். விடிவதற்கு முன் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு. அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகும், எனக்கு ஒரு நாள் லீவு போகும். இதையெல்லாம் பார்த்துத்தான் டாக்டரே சொன்னார், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நேரில் வந்தால் போதும், நடுவில் ரெண்டு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்த்து ரிப்போர்ட்டை வாட்ஸப்பில் அனுப்பினால் போனில் பேசி மருந்து சொல்லிவிடுகிறேன் என்று. எனக்கு நிம்மதியாக இருந்தது.

அம்மா மாட்டேன் என்கிறார். "கையைத் தொட்டுப் பார்க்காம அது என்ன வைத்தியம்" என்று ஆரம்பித்தார், அப்புறம் "போன்ல சொன்னா அவருக்குப் புரியல" என்றார். போன மாதம் ஒரு தடவை போனில் பேசியிருக்கிறார், அப்போது நான் கூட இல்லை. மயக்கமாக வருகிறது என்று அம்மா சொல்ல, டாக்டர் அந்த ராத்திரி மாத்திரையைப் பாதியாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். குறைத்தும் மயக்கம் நிற்கவில்லை, கால் எரிச்சல்தான் கூடிவிட்டது. இப்போது போன் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அம்மா சொல்வதுபோல் நேரிலேயே அலைவதா, இல்லை எப்படியாவது பேசி ஒத்துக்கொள்ள வைப்பதா? இப்படிப்பட்ட பெரியவர்களை வீட்டில் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

குமுளி_ஜீப்:

அக்கா, ஒத்துக்கொள்ள வையுங்கள். என் அப்பாவும் முதலில் இப்படித்தான் இருந்தார். அவருக்கு பிரஷரும் இருதயமும். தேனியில் டாக்டர். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டு குமுளி செக்போஸ்டை அடைத்தபோது நாங்கள் இந்தப் பக்கம், டாக்டர் அந்தப் பக்கம். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் தமிழ்நாடு, ஆனால் பாஸ் இல்லாமல் போக முடியாது. மாத்திரை பத்து நாளைக்குத்தான் இருந்தது. அப்போதுதான் அந்த டாக்டர் போனில் பேசி, சீட்டு எழுதி போட்டோ எடுத்து அனுப்பினார், இங்கே கடையில் கொடுத்தார்கள். அந்த மார்ச் 25ஆம் தேதிதான் டாக்டர்கள் போனிலும் வீடியோவிலும் வைத்தியம் பார்ப்பதற்கான விதிமுறையையே நாடு முழுக்க வெளியிட்டார்கள். உங்கள் டாக்டர் சொன்ன ஆறு மாதக் கணக்கும் அதில் இருக்கிறது. அதே நோய்க்கு, அதே டாக்டரிடம், ஆறு மாதத்துக்குள் நேரில் காட்டியிருந்தால்தான் அது தொடர் சிகிச்சை. அப்படி இருந்தால் போனில் மருந்தைத் தொடரவும் கூடச் சேர்க்கவும் இடம் கொடுத்திருக்கிறார்கள். அதனால் அவர் தட்டிக்கழிக்கிறார் என்று அம்மா நினைக்க வேண்டாம், முறைப்படிதான் சொல்கிறார்.

அப்பாவுக்கு இருந்த பெரிய குறை, "காசு வாங்கிக்கிட்டு மூணு நிமிஷத்துல வச்சுட்டாரு" என்பது. நேரில் போனாலும் நாலு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து அதே மூணு நிமிடம்தானே என்று கேட்டேன், பதில் சொல்லவில்லை. பிரஷர் பார்க்கிற மெஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். காலையும் மாலையும் அஞ்சு நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டுப் பார்த்து நோட்டில் எழுதுகிறார். டாக்டர் போனில் அந்த நம்பர்களைக் கேட்கிறார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் அப்பாவுக்கு எப்போதும் பயத்தில் கூடத்தான் காட்டும், வீட்டுக் கணக்குதான் சரியான கணக்கு என்று டாக்டரே சொல்லிவிட்டார். இப்போது அவரே போனை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். பழகினால் சரியாகிவிடும் அக்கா.

செவிலி_உத்தமபாளையம்:

நான் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதினாலு வருடமாக வேலை பார்க்கிறேன். ஜீப் தம்பி சொல்வது பிரஷருக்குச் சரி, தைராய்டுக்கும் சரி. நம்பரை வைத்து மருந்து கூட்டிக் குறைக்கிற நோய்களுக்கு போன் ரொம்ப நல்லது, நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் பதினோரு வருடச் சுகர், கால் எரிச்சல், அதுவும் ஏலத்தோட்டத்தில் இறங்கி வேலை செய்கிறவர் என்றால் எனக்கு முதலில் அந்தக் காலைத்தான் பார்க்கத் தோன்றுகிறது. எரிகிறது என்றால் நரம்பு கெட ஆரம்பித்திருக்கிறது, கொஞ்ச நாளில் எரிச்சல் போய் மரத்துவிடும், அதைச் சரியாகிவிட்டது என்று நம்பி சந்தோஷப்படுகிறவர்களை நான் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். அட்டை கடித்தாலும் தெரியாது, முள் ஏறினாலும் தெரியாது. பூட்ஸுக்குள் ஈரத்தோடு நாள் முழுக்க நிற்கிற கால். ஒரு அண்ணன் வந்தார், காலில் ஒன்றும் இல்லை சிஸ்டர் என்றார், சாக்ஸைக் கழற்றினால் கட்டை விரலுக்கு அடியில் ரூபாய் அளவுக்குப் புண், அவருக்கே அன்றைக்குத்தான் தெரியும். போனில் கேட்டிருந்தாலும் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார், பொய் சொல்ல வேண்டும் என்று இல்லை. அவருக்குத் தெரியாததை போன் எப்படிச் சொல்லும்?

அதனால் வருடத்துக்கு ஒரு தடவையாவது நைலான் இழை வைத்துப் பாதத்தின் உணர்ச்சி பார்க்க வேண்டும், காலில் நாடித்துடிப்பு பார்க்க வேண்டும், கண்ணின் விழித்திரை பார்க்க வேண்டும், சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும். இதெல்லாம் நேரில்தான்.

இன்னொன்று கேட்கிறேன், தயவு செய்து பதில் சொல்லுங்கள். அந்த மயக்கம் எப்போது வருகிறது? காலையில் எழுந்ததுமா, சாப்பாட்டுக்கு முன்னாலா, வேலைக்கு நடுவிலா? வரும்போது வேர்க்கிறதா, கை நடுங்குகிறதா? கிளிமிபிரைடு போட்டுக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிடாமல் மலையில் ஏறி இறங்கினால் சுகர் தாழ்ந்துவிடும். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் மயக்கம் வருகிற அந்த நேரத்தில் ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள். 70க்குக் கீழே காட்டினால் உடனே மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வைத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அப்புறம் டாக்டரிடம் அன்றைக்கே பேசுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108 கூப்பிடுங்கள்.

கோட்டயம் போக முடியாத மாதங்களில் பக்கத்துக் குடும்ப ஆரோக்கிய கேந்திரத்தில் கேட்டுப் பாருங்கள். அரசின் இணைய மருத்துவ சேவையான இ-சஞ்சீவனியில், சுகாதார நிலையத்தில் நர்ஸ் நோயாளியின் பக்கத்தில் இருக்க, டாக்டர் திரையில் பேசுகிற ஏற்பாடு உண்டு. தொட்டுப் பார்க்க ஒரு கை அங்கே இருக்கும். அம்மா கேட்பது அதைத்தானே.

மேற்குமலை:

எனக்கு வயது 68, போடி பக்கம். பிள்ளைகள் எல்லோரும் அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று பேசுகிறீர்கள், அந்த அம்மா இடத்தில் இருக்கிற நானும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

எனக்கும் டாக்டர் போனில் கூப்பிடுகிறார். பத்து மணிக்கு என்றால் பன்னிரண்டுக்கு வரும், அதுவரை குளிக்கப் போக முடியாது, தோட்டத்துக்குப் போக முடியாது. வீட்டுக்குள் ரேஞ்ச் கிடைக்காது, வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்து நின்றுதான் பேச வேண்டும். ஒரு காது மந்தம், அதனால் ஸ்பீக்கரில் போட வேண்டும். மருமகள் நல்ல பெண், கூடவே நின்று நான் வாயைத் திறப்பதற்குள் "மாமா நல்லா சாப்பிடுறாங்க டாக்டர், நல்லா தூங்குறாங்க" என்று சொல்லிவிடும். எனக்கு ஒன்றுக்குப் போவதில் கஷ்டம். ராத்திரி அஞ்சு தடவை எழுகிறேன், சில நாள் வேட்டியே நனைந்துவிடுகிறது. அதைத் தெருவில் நின்று, மருமகளை வைத்துக்கொண்டு, ஸ்பீக்கரில் எப்படி அம்மா சொல்வேன்? எட்டு மாதம் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு நாள் நேரில் போனேன். டாக்டர் எல்லாம் பார்த்து முடித்தார், சீட்டு வாங்கி எழுந்துவிட்டேன். மகன் பில் கட்ட வெளியே போனான். கதவுகிட்டே போய்த் திரும்பி நின்றேன். டாக்டர் என் முகத்தைப் பார்த்தார், "வேற ஏதும் இருக்கா, உட்காருங்க" என்றார். அப்போதுதான் சொன்னேன். பிராஸ்டேட் வீக்கம் என்றார், மாத்திரை கொடுத்தார், இப்போது ரெண்டு தடவைதான் எழுகிறேன். போனில் இந்தக் கதவு கிடையாது. வைத்துவிட்டால் வைத்ததுதான்.

உங்கள் அம்மா புரியாமல் அடம்பிடிக்கிறார் என்று நினைக்காதே தாயி. என்ன சொல்ல வந்தார், எதைச் சொல்ல முடியவில்லை என்று தனியாக உட்கார வைத்துக் கேள்.

மருந்துக்கடை_10வருடம்:

குமுளியில் மருந்துக்கடையில் நிற்கிறேன். எங்களுக்கு வருவது பாதி தமிழ் ஆட்கள், பாதி மலையாளிகள், சீட்டு எழுதுகிற டாக்டர்கள் பெரும்பாலும் மலையாளிகள். கேள்வியைப் படித்ததும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அம்மா போனில் "மயக்கம்" என்ற வார்த்தையைத்தான் சொன்னாரா?

மலையாளத்தில் மயக்கம் என்றால் கண் செருகுகிற மாதிரி தூக்கக் கலக்கம். ஊசி போட்டு அரைத் தூக்கத்தில் கிடப்பார்களே, அது. நாம் சொல்கிற கிறுகிறுப்புக்கு அவர்கள் வார்த்தை தலகறக்கம். டாக்டர் காதில் "எப்பவும் தூக்கமாக வருகிறது" என்று விழுந்திருந்தால், தூக்கம் கொடுக்கிற ராத்திரி மாத்திரையைக் குறைத்தது நியாயம்தானே? அவர் மீதும் தப்பில்லை, அம்மா மீதும் தப்பில்லை.

நேரில் இது நடக்காது. நேரில் என்றால் அம்மா தலையில் கையை வைத்து, கண்ணை மூடி, இப்படிச் சுற்றுகிறது என்று விரலால் ஒரு வட்டம் போட்டிருப்பார். நம் எல்லைக்காரர்கள் இந்தப் பக்கம் வைத்தியம் பார்ப்பது பாதி வாயால், பாதி கையால். டாக்டர்களுக்கும் அது பழகிப்போய்விட்டது, அவர்களும் நமக்காகத் தமிழ் மாதிரி ஒன்றைப் பேசுவார்கள். எல்லாம் விளங்குகிறது என்று ரெண்டு பக்கமும் நம்பிக்கொண்டிருக்கிறோம். போனில் அந்தக் கை இல்லாமல் போய்விடுகிறது, வார்த்தை மட்டும் தனியாகப் போகிறது. தமிழும் மலையாளமும் ரொம்பத் தூரமாக இருந்திருந்தால் ஒரு மொழிபெயர்ப்பு வேண்டும் என்றாவது தோன்றியிருக்கும், பக்கத்தில் இருப்பதுதான் ஆபத்து. வேறு மொழிக்காரர் டாக்டர் என்றால் குறைந்தபட்சம் வீடியோ காலாவது போடச் சொல்லுங்கள், வெறும் குரல் வேண்டாம்.

கடையிலேயே நான் தினமும் பார்க்கிறேன். கால் எரிச்சல் என்று இவர்கள் சொல்வதை அவர்கள் புகச்சில் என்பார்கள். சோர்வு என்பது அங்கே க்ஷீணம். சர்தி என்றால் வாந்தி, ஆனால் நம் ஆட்களில் பாதிப் பேர் அதைச் சளி என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். தலையாட்டுவது போனில் கேட்காது என்பது ஒன்றுதான் நல்லது.

குமுளி_ஜீப்:

இதை நான் யோசிக்கவே இல்லை. எங்கள் டாக்டர் தேனிக்காரர், அப்பா பேசுகிற அதே தமிழில் பேசுவார். அதனால்தான் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. பழகினால் சரியாகிவிடும் என்று நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் அக்கா, முதலில் அந்த மயக்கம் என்ன என்று பாருங்கள். அவசரமாகக் கோட்டயம் போக வண்டி வேண்டுமென்றால் இங்கே எழுதுங்கள், டீசல் காசு மட்டும் போதும்.

பெரியாறு_மகள்:

எல்லோருக்கும் பதில் எழுத நாலு நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். சனிக்கிழமை லயத்துக்குப் போயிருந்தேன். பெரியவர் சொன்னபடி, தம்பி பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு அம்மாவை அடுப்படியில் உட்கார வைத்துக் கேட்டேன்.

"மயக்கம்" என்றுதான் சொல்லியிருக்கிறார். டாக்டர் பகலில் உறக்கம் வருமோ என்று கேட்டிருக்கிறார், அம்மா ஆமாம் என்றிருக்கிறார், மதியம் சாப்பிட்டால் யாருக்குத்தான் வராது. அவ்வளவுதான் பேச்சு. லயத்தில் ரேஞ்ச் இல்லாததால் மேலே பைப்படியில் நின்று பேசியிருக்கிறார், குடம் வைத்துக்கொண்டு நாலு பேர் பக்கத்தில். மயக்கம் வரும்போது வேர்த்துக்கொட்டி, கை உதறி, ஒரு தடவை தோட்டத்திலேயே உட்கார்ந்துவிட்டாராம், கங்காணி பார்த்தால் நாளைக்கு வேலைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று பயந்து ஏலச்செடி மறைவில் உட்கார்ந்திருக்கிறார். அதை அந்த நாலு பேர் முன்னால் சொல்ல முடியவில்லை. இது எதுவும் எனக்குத் தெரியாது. நானும் வாரத்துக்கு மூணு தடவை போனில்தான் அம்மாவிடம் பேசுகிறேன், "நல்லா இருக்கியா" என்று கேட்பேன், "நல்லா இருக்கேன்" என்பார்.

திங்கட்கிழமை நான் லீவு போட்டுவிட்டு அம்மா கூடவே தோட்டத்துக்குப் போனேன். காலையில் ஆறரைக்கு மாத்திரை, ஒரு கட்டன் சாயா, ரெண்டு இட்லி. பதினொன்றரைக்கு அம்மா முகம் வெளுத்தது. குளுக்கோமீட்டர் 58 காட்டியது. சிஸ்டர் சொன்ன மாதிரி சர்க்கரை கொடுத்தேன், 15 நிமிடத்தில் 84 வந்தது. என் கை நடுங்கியதுதான் நிற்கவில்லை. சிஸ்டர், நீங்கள் கேட்காமல் இருந்திருந்தால் நாங்கள் இன்னும் அந்த ராத்திரி மாத்திரையோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருந்திருப்போம்.

அன்றைக்கே டாக்டரை வீடியோவில் பிடித்தேன். தலகறக்கம் என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்ததை நானே பார்த்தேன். வேர்வை, நடுக்கம், 58 எல்லாம் சொன்னேன். கிளிமிபிரைடைப் பாதியாக்கினார், பத்து மணிக்கு ஏதாவது சாப்பிடாமல் தோட்டத்தில் நிற்கக் கூடாது என்றார், ராத்திரி மாத்திரையைப் பழையபடி போடச் சொன்னார், அடுத்த வியாழக்கிழமை காலைக் காட்ட நேரில் கூட்டி வரச் சொன்னார். அம்மாவைப் பார்த்து, எனக்கு விளங்கவில்லை என்று அன்றைக்கே சண்டை போட்டிருக்கலாமே சேச்சி என்றார். அம்மா சிரித்தது ரெண்டு மாதத்தில் அதுதான் முதல் தடவை. ஜீப் தம்பி, வியாழக்கிழமைக்கு வண்டி வேண்டும், நம்பரைத் தனியாக அனுப்புகிறேன்.

போனே வேண்டாம் என்று அம்மா இப்போது சொல்லவில்லை. ஆனால் ரெண்டு விஷயம் கேட்டார். ஒன்று, பைப்படியில் இல்லை, என் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுவேன், நீயும் வெளியே நில் என்றார். இன்னொன்று, அந்த மலையாள வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடு என்றார். அவருக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. மருந்துக்கடைக்காரர் சொன்னதோடு நானும் சேர்த்து பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதினேன். தலகறக்கம், விறயல் (நடுக்கம்), வியர்ப்பு (வேர்வை), புகச்சில், க்ஷீணம், தரிப்பு (மரத்துப்போவது). அம்மா ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்தார், சோற்றுப் பருக்கையை வைத்து மாத்திரை டப்பா இருக்கிற மாடத்துக்கு மேலே ஒட்டிவிட்டு, "ஒன்னுக்குப் போறதுக்கு என்ன வார்த்தை, அதையும் எழுது" என்றார்.